பரண் கிட்டார்: இனம் காண்பதும் தந்தி மாற்றுவதும்

பழைய கிட்டார் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்த வழிகள் சிலதான். மெல்லிசைக் குழுவில் வாசித்த மாமா விட்டுப்போனதாக இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவுக்காக வாங்கியதாக இருக்கும். பொன்மலையிலோ பெரம்பூரிலோ போத்தனூரிலோ ரயில்வே குடியிருப்பைக் காலிசெய்துவிட்டு வெளிநாடு போன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும். கப்பலில் வேலை பார்த்தவரும் வளைகுடாவிலிருந்து திரும்பியவரும் கொண்டுவந்ததும் உண்டு. கொண்டுவந்தவருக்குத்தான் அதன் கதை தெரியும். நம் கைக்கு வரும்போது மிஞ்சியிருப்பது துருவேறிய நாலைந்து கம்பியும், பாதி உரிந்த லேபிளும், “இது ஃபாரின் சாமான்” என்ற குடும்பப் பேச்சும்.

எடுத்த எடுப்பில் எல்லாரும் கேட்பது இரண்டு கேள்வி: எந்தக் கம்பெனி, என்ன விலைக்குப் போகும்? இந்த அத்தியாயத்தில் அவற்றைப் பின்னுக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் தெரியவேண்டியது, இந்தக் கிட்டார் எந்தத் தந்தியைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது என்பது. அடுத்தது, இன்னும் அதைத் தாங்குமா என்பது. இந்த இரண்டுக்கும் விடை லேபிளில் இருக்காது, மரத்தில் இருக்கும்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். சாதாரண நைலான் தந்திகள் ஆறும் முழுச் சுருதியில் நிற்கும்போது சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. கடையில் ‘பன்னிரண்டு செட்’ என்று கேட்டால் தரும் இரும்புக் கம்பிகள், அதாவது முதல் கம்பி 0.012 அங்குலம் உள்ளவை, ஆறும் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கு மேல். நைலானுக்காகச் செய்த மெல்லிய மேல்பலகையில் அவ்வளவு பாரத்தை ஏற்றினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. கொஞ்ச நாளில், தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால் பலகை வீங்கும், கழுத்து வில்லாக வளையும். பிறகு ஆளில்லாத நேரத்தில் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு பறக்கும். நம் ஊரில் நல்ல கிளாசிகல் கிட்டார்கள், அதாவது நைலானுக்கானவை, பல இப்படித்தான் பாழாயின.

இரும்பா, நைலானா

தலைப்பகுதியைப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் இரண்டு சாளரம் வெட்டி, உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் உருளைகள் இருந்தால் அநேகமாக நைலான் கிட்டார். தலை கெட்டிப் பலகையாக இருந்து, மெல்லிய உலோகத் தண்டுகள் மேல்நோக்கி நின்றால் இரும்பு. சாளரத் தலை உள்ள இரும்புக் கிட்டார்களும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பவேண்டாம். அந்த உருளைகளில் கம்பி அறுத்த கோடுகள் தெரிந்தால், நைலான் கிட்டாரில் யாரோ இரும்பைப் போட்டு வாசித்திருக்கிறார்கள் என்று பொருள்.

அளவுகோலை எடுத்து நட்டின், அதாவது தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் தந்திகள் தங்கும் பள்ளமிட்ட குறுக்குக் கட்டையின், அகலத்தை அளவெடுங்கள். கிளாசிகல் கிட்டாரில் அது 50 முதல் 52 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரும்புக் கிட்டாரில் 43, 44. கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். கிளாசிகலின் கழுத்து அகலம், விரல்பலகை தட்டை. உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் எத்தனையாவது ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருக்கிறது என்று எண்ணுங்கள். கிளாசிகலில் பன்னிரண்டு; 1930களுக்குப் பிந்திய பெரும்பாலான இரும்புக் கிட்டார்களில் பதினான்கு.

பிரிட்ஜ் இன்னும் தெளிவாகச் சொல்லும். குறுக்கே ஆறு துளையிட்ட கட்டை இருந்து, தந்தியை அதில் முடிச்சுப் போடும்படி இருந்தால் நைலான். ஆறு ஆணிகள் குத்தி, கம்பியின் குண்டு நுனி உள்ளே போய்ச் சிக்கும்படி இருந்தால் இரும்பு.

சந்தேகம் தீரவில்லையென்றால் வயிற்றுக்குள் பாருங்கள். கைபேசியை ஒலித்துளை வழியாக உள்ளே விட்டு, விளக்கைப் போட்டு, மேல்பலகையின் அடிப்பக்கத்தை வீடியோ எடுத்தால் போதும். ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இரண்டு தடித்த சட்டங்கள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டிப் போனால் அது இரும்புக் கம்பிக்கான கட்டுமானம். அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1840களில் இதைக் கையாளத் தொடங்கியபோது கிட்டார்களில் இருந்தது குடல் நரம்புத் தந்தி. பின்னால் இரும்பு வந்தபோது இந்தச் சட்டம்தான் அதைத் தாங்கியது. பிரிட்ஜின் அடியில் மெல்லிய குச்சிகள் விசிறிபோல விரிந்தால் அது ஸ்பெயின் வழி, அந்தோனியோ தெ தொரெஸ் 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய முறை. நைலான் மட்டுமே போடலாம். சட்டங்கள் ஏணிப்படிபோலக் குறுக்காக மட்டும் ஓடினால் மலிவாகச் செய்த கிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பழைய கிட்டார்கள் நிறைய இந்த வகை. இதற்கு இரும்பு போடலாம், ஆனால் மெல்லிய செட்தான்.

வாலில் தகடு இருந்தால்

சில கிட்டார்களில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டே இருக்காது. வயலினில் இருப்பதுபோல், உடலின் அடி நுனியில் திருகிய உலோகத் தகட்டில் கம்பிகள் மாட்டியிருக்கும். பிரிட்ஜ் கம்பியின் அழுத்தத்தால் மட்டும் நின்றுகொண்டிருக்கும். பழைய ஜெர்மன் கிட்டார்களிலும் கொல்கத்தாவில் செய்த கிட்டார்களிலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். இங்கே கம்பி பலகையை மேலே இழுப்பதில்லை, கீழே அமுக்குகிறது. அதனால் பிரிட்ஜ் பிய்ந்து வரும் பயம் இல்லை. மேல்பலகை உள்ளே குழிகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். இந்த வகைக் கிட்டார் கிடைத்தால் பழைய கம்பியைக் கழற்றும் முன்பே பிரிட்ஜின் நான்கு மூலைகளையும் காகித நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி தளர்ந்ததும் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்; பிறகு எங்கே இருந்தது என்று யோசித்தால் பயன் இல்லை.

குறிக்காமல் விட்டாலும் வழி இருக்கிறது. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து, அதே தூரத்தைப் பன்னிரண்டிலிருந்து பிரிட்ஜ் பக்கம் வையுங்கள். மெல்லிய கம்பிப் பக்கம் அதற்கு மேல் ஓரிரு மில்லிமீட்டரும் தடித்த கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சமும் பின்தள்ளி பிரிட்ஜை நிறுத்துங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின்மேல் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மணியோசையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாகும்வரை நகர்த்தவேண்டும். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜ் பின்னே போகவேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னே.

இன்னொரு வகை, பார்ப்பவரைக் குழப்பும். கம்பிகள் எல்லா ஃப்ரெட்டுகளுக்கும் மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். “கழுத்து போய்விட்டது, தூக்கிப் போடுங்கள்” என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படவேண்டாம். முதல் மூன்று ஃப்ரெட்டுகளைத் தடவிப் பாருங்கள். கம்பி அழுந்திய பள்ளமே இல்லாமல் புதிதாக இருந்தால், அது மடியில் கிடத்தி உலோகத் துண்டால் இழுத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டாராக இருந்திருக்கும். ஹவாய்க் கலைஞர் டாவ் மோவும் குடும்பமும் 1940களில் கல்கத்தாவில் வாழ்ந்தார்கள். வங்காளத்தில் ரவீந்திர சங்கீதம் முதல் சினிமாப் பாட்டு வரை இந்தக் கிட்டாரில் ஒலித்தது. பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுபோனார். அதன் வழியில் வந்த விஸ்வ மோகன் பட் 1994இல் கிராமி விருது வாங்கினார். ஆகவே அந்த உயரம் கோளாறு ஆகாது. நட்டின்மேல் ஓர் உலோக உறை மாட்டியிருந்தால் அதைத் தூக்கினாலே சாதாரணக் கிட்டாராகிவிடும். நட்டே உயரமாகச் செய்து ஒட்டியிருந்தால் புது நட் வேண்டும். கழுத்து சதுரக் கட்டையாக இருந்தால் மாற்ற முயலவேண்டாம். மடியில் வைத்து வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

உடல்நிலை

புதுத் தந்தி வாங்குவதற்கு முன் கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் செலவிடுங்கள். முதலில் லேசாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் பிரிந்த உட்சட்டமாக இருக்கலாம், எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து மேல்பலகையையும் முதுகையும் விரல் கணுவால் அங்கங்கே தட்டுங்கள். கடகடவென்று அதிரும் இடத்தில் சட்டம் ஒட்டு விட்டிருக்கிறது.

குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்து, கீழே வைத்த கறுப்புத் துணியில் மாவுபோலப் பொடி உதிர்ந்தால் உளுவண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கிட்டாரை வீட்டிலுள்ள வீணை, மரப்பெட்டி, அலமாரி எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். பொடி இல்லாத பழைய துளைகளால் பெரிய ஆபத்தில்லை.

பிரிட்ஜின் பின்விளிம்பின் கீழே ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஒட்டு விட ஆரம்பித்திருக்கிறது, தந்தி போடக்கூடாது. உடனடிப் பசையை ஊற்றி அமுக்கும் வேலையையும் செய்யக்கூடாது. அந்தப் பசை மரத்தில் ஊறி, பின்னால் முறையாக ஒட்ட வருபவருக்கு இரண்டு மடங்கு வேலை வைக்கும். தச்சுவேலைக்கான சாதாரண வெள்ளைப் பசையும் ஓயாத இழுவிசையில் மெதுவாக நழுவும். 1960, 70களின் ஜப்பானியக் கிட்டார்கள் பலவற்றில் பிரிட்ஜை ஒட்டியது போதாதென்று திருகாணியாலும் இறுக்கியிருப்பார்கள். ஆணியின் தலையை இரண்டு முத்துப் பொட்டுகள் மறைத்திருக்கும். அவை இருந்தால் கொஞ்சம் நிம்மதி.

பிறகு கழுத்து. கிட்டாரைத் துப்பாக்கிபோலக் கண்ணுக்கு நேரே பிடித்து, நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை விளிம்போடு பாருங்கள். நடுவில் லேசான பள்ளம் இயல்பு. வில்லாக வளைந்திருந்தால், கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் இருக்கிறதா என்று தேடவேண்டும். கிப்சன் கம்பெனி 1920களில் காப்புரிமை பெற்ற இந்த இரும்புத் தண்டின் திருகு, தலையில் ஒரு சிறு மூடிக்குக் கீழேயோ ஒலித்துளைக்குள் கழுத்து நுனியிலோ தெரியும். திருகு இல்லாத கழுத்துக்குள்ளும் அசையாத இரும்புச் சட்டம் இருக்கலாம்; கழுத்தின் பின்புறம் வலுவான காந்தத்தை நகர்த்தினால் தெரிந்துவிடும். பழைய உள்நாட்டுக் கிட்டார்கள் பலவற்றில் இரண்டுமே இருக்காது. திருகு இருந்தால் ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இறுகிப்போயிருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே முறிந்த தண்டை எடுக்க விரல்பலகையையே பெயர்க்கவேண்டி வரும்.

கடைசியாக ஆக்‌ஷன், அதாவது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி. பழைய கம்பி இருக்கும்போதே அளக்கலாம். இரும்புக் கிட்டாரின் தடித்த கம்பிக்கு ஏறக்குறைய 2.5 மி.மீ. இருந்தால் நன்று. கிளாசிகலுக்கு 4 வரை சரி. கூடுதலாக இருந்தால் சேடிலை, அதாவது பிரிட்ஜின்மேல் கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தட்டையான உப்புத்தாளில் தேய்க்கலாம். பன்னிரண்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறையவேண்டும். சேடிலே தெரியாத அளவுக்குத் தேய்த்தும் கம்பி உயரமாக நின்றால் கழுத்தின் கோணமே மாறிவிட்டது. கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி பொருத்தும் வேலைக்கு ஆகும் கூலி, சாதாரணக் கிட்டாராக இருந்தால் புதுக் கிட்டாரின் விலையைத் தாண்டும். என் கருத்தில், அப்பா வாசித்தது என்ற ஒரே காரணம்தான் அந்தச் செலவை நியாயப்படுத்தும். அந்தக் காரணம் போதுமானதும்கூட.

எங்கே பிறந்தது

இப்போது லேபிளுக்கு வரலாம். தலையில் எழுதிய பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கிப்சன் அமெரிக்கக் கம்பெனி. கிவ்சன் கொல்கத்தாவைச் சேர்ந்தது. ஹாஃப்னர் ஜெர்மனி, ஹாப்னர் இந்தியா. ஓரெழுத்து வித்தியாசத்தில் விலை பல மடங்கு மாறும். மங்கிய தங்க எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்து ‘கிப்சன்’ என்று நம்பிய குடும்பங்கள் நிறைய. கிவ்சனும் ஹாப்னரும் மட்டமானவை என்று சொல்லவரவில்லை. இந்தியாவில் கிட்டார் பழகிய ஒரு தலைமுறையின் விரல் தழும்பு பெரும்பாலும் அவற்றால் வந்தது. கொல்கத்தாவில் லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில் வரிசையாக இருக்கும் வாத்தியக் கடைகள் பெயரும் லேபிளில் இருக்கலாம். அந்தத் தெருவுக்கு முந்தைய பெயர் சித்பூர் சாலை. சென்னை அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் பெயர் இருந்தால் அது விற்ற கடை.

பெயரைவிட முகவரி நல்ல சாட்சி. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அது அச்சாகியிருந்தால் லேபிள் அதற்குப் பிந்தியது. ‘கல்கத்தா 12’ என்பதுபோல ஊரும் ஒரு சிறு எண்ணும் மட்டும் இருந்தால் அநேகமாக அதற்கு முந்தியது. பழைய லேபிள் கட்டைத் தீரும்வரை ஒட்டுவார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். மதராஸ் 1996இலும் கல்கத்தா 2001இலும் அதிகாரபூர்வமாகப் பெயர் மாறின. விலைச்சீட்டில் ‘நயா பைசா’ இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது.

வெளிநாட்டு லேபிள்களும் இதுபோலவே காலம் சொல்லும். ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1990க்கு முந்தியது, ‘சோவியத்’ என்றால் 1991க்கு முந்தியது, ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் 1992 முடிவதற்குள் செய்தது. ரஷ்யக் கிட்டாரில் தந்தி முறுக்கும் கீ ஏழு இருந்தால் ஒன்று அதிகமாக மாட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அங்கே ஏழு தந்தி மரபு. யமஹா லேபிளில் ‘நிப்பான் கக்கி’ என்ற பெயரும் இருந்தால் 1987க்கு முந்தியது; அந்த ஆண்டு நூற்றாண்டையொட்டித்தான் கம்பெனி பெயரை யமஹா என்று மாற்றியது. சிவப்பு லேபிளும் எஃப்ஜி 150, எஃப்ஜி 180 போன்ற எண்ணும் இருந்தால் 1966இல் தொடங்கிய வரிசை. இவற்றை இன்றும் தேடி வாங்குகிறார்கள். வரிசை எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே கம்பெனியின் எண் முறை தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும்.

மரத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஒலித்துளையின் விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். மேலே தெரியும் இழைக்கோடு விளிம்பின் தடிமனிலும் தொடர்ந்து இறங்கினால் முழுப்பலகை. அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ப்ளைவுட். முதுகுக்கு, வெளியே தெரியும் இழையும் உள்ளே தெரியும் இழையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடினால் ஈட்டி மரமாக இருக்கலாம். நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டிதான். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபின் 1969இல் மார்ட்டின் கம்பெனியே இந்திய ஈட்டிக்கு மாறியது. ஆகவே ஈட்டி முதுகைப் பார்த்ததும் இந்தியக் கிட்டார் என்று முடிவு கட்டமுடியாது.

எந்தச் செட்

நைலான் கிட்டார் என்று உறுதியானால் யோசிக்க ஒன்றுமில்லை: ‘நார்மல் டென்ஷன்’ கிளாசிகல் செட். இரும்புக் கிட்டாருக்குக் கடைக்காரர் பன்னிரண்டை நீட்டுவார். பழையது, ஊர்பேர் தெரியாதது என்றால் அதைவிட மெல்லிய ‘பத்து செட்’ வாங்குங்கள். பெருக்கல் சட்டமும் ட்ரஸ் ராடும் இருந்து கழுத்தும் நேராக இருந்தால் பதினொன்று போடலாம். ஒலி கொஞ்சம் மெலிந்திருக்கும். அதுவே அந்தக் கிட்டாருக்கு நாம் கொடுக்கும் வாடகை. கடைசிவரை இரும்பா நைலானா என்று தெரியவில்லையென்றால் நைலானையே போடுங்கள். இரும்புக் கிட்டாரில் நைலான் போட்டால் சத்தம்தான் குறையும். மாற்றிப் போட்டால் கிட்டார் உடையும்.

தந்தி மாற்றுதல்

கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துருப்பிடித்த கம்பி அறுந்தால் முகத்தில் அடிக்கும். முறுக்கேறிய கம்பியைக் கட்டரால் வெட்டாமல், ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். ஆணிகள் சிக்கியிருந்தால் இடுக்கியால் கடித்து இழுக்கவேண்டாம். ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, கரண்டிக் காம்பின் நுனியால் ஆணியை உள்ளிருந்து மேலே தள்ளினால் வந்துவிடும். எந்த ஆணி எந்தத் துளையில் இருந்தது என்று வரிசையாக ஓர் அட்டையில் குத்தி வையுங்கள்.

கம்பி இல்லாத இந்த நேரம்தான் சுத்தம் செய்ய ஏற்றது. உடலை நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். விரல்பலகை பூச்சில்லாத மரமாக இருந்து வெளிறியிருந்தால் இரண்டு மூன்று சொட்டு மினரல் ஆயில் தடவி, கொஞ்ச நேரத்தில் முழுதும் துடைத்தெடுங்கள். நம் வீடுகளில் எதற்கும் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. அது மரத்துக்குள் இருந்து சிக்கு நாற்றம் எடுக்கும், தூசியைப் பிடித்துவைக்கும், வேண்டாம். பச்சைப் பிடித்த ஃப்ரெட்டுகளை, இருபக்கமும் காகித நாடா ஒட்டி, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் தேயுங்கள். கீயின் பல்சக்கரங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். திருகு தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். பழைய கிட்டார் ‘சுருதி நிற்கவில்லை’ என்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் திருகுகள். நட்டின் பள்ளங்களில் பென்சில் கூரைத் தேய்த்துவிட்டால் கம்பி வழுக்கிக்கொண்டு நகரும், கிணுங்கென்று தாவாது.

இரும்புக் கம்பி மாட்டும்போது, குண்டு நுனியை லேசாக ஒரு பக்கம் வளைத்துத் துளைக்குள் விடுங்கள். ஆணியின் பள்ளம் ஒலித்துளையைப் பார்க்கட்டும். ஆணியை விரலால் அமுக்கிக்கொண்டே கம்பியை மேலே இழுங்கள். குண்டு ஆணியின் நுனியில் நிற்காமல், உள்ளே இருக்கும் மரத்தகட்டில் போய் முட்டவேண்டும். முட்டியதும் ஆணி தானாக நிற்கும். நிற்காமல் எகிறினால் குண்டு இடம் மாறியிருக்கிறது. சுத்தியலால் அடிக்காமல் மறுபடி போடுங்கள்.

மறுமுனையை நட்டின் பள்ளத்தில் வைத்து, அதற்குரிய கீயின் துளையில் நுழைத்து இறுக இழுத்து, பிறகு ஐந்து சென்டிமீட்டர்போலத் தளர்வு விடுங்கள். தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று நான்கு சுற்று விழவேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதற்குக் கீழே. கம்பி தண்டின் உள்பக்கமாக, அதாவது தலையின் நடுப்பக்கமாகச் சுற்றவேண்டும். இரண்டு ஓரக் கம்பிகளில் தொடங்கி உள்நோக்கி வரவேண்டும் என்பார்கள். எந்த வரிசையில் போட்டாலும் பாதகமில்லை.

நைலானில் ஆணியில்லை, முடிச்சுதான். முதலில் பிரிட்ஜுக்குப் பின்னால் ஓர் அட்டையை வையுங்கள். முடிச்சு நழுவினால் தந்தி நுனி பலகையில் பள்ளம் பறிக்கும். தந்தியை ஒலித்துளைப் பக்கமிருந்து துளைக்குள் விட்டுப் பின்னால் எடுத்து, மேலாகக் கொண்டுவந்து, தந்திக்குக் கீழே நுழைத்து, பிறகு தன் வளையத்துக்குள் செருகுங்கள். உலோகம் சுற்றிய தடித்த தந்திக்கு ஒரு செருகல், வழுக்கும் மூன்று மெல்லிய தந்திகளுக்கு இரண்டு மூன்று. கடைசிச் செருகல் கட்டையின் மேல்பக்கத்தில் இல்லாமல் பின்விளிம்புக்குக் கீழே அமுங்கவேண்டும். இதைத் தவறவிட்டால் எத்தனை முறை கட்டினாலும் அவிழும்.

சுருதி சேர்க்கும்போது பொறுமை வேண்டும். தடித்ததிலிருந்து மி, லா, ரே, சொல், சி, மி என்பது வழக்கமான சுருதி. கைபேசிச் செயலிகளில் இவை இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற எழுத்துகளாக வரும். முதல் நாள் எல்லாவற்றையும் இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கிச் சேருங்கள். அப்போது இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஓர் இரவு விட்டு, காலையில் பிரிட்ஜ் விளிம்பில் அதே காகிதத்தை மறுபடி நுழைத்துப் பாருங்கள், ஆக்‌ஷனையும் அளவெடுங்கள். மாற்றமில்லையென்றால் ஒரு ஃப்ரெட் ஏற்றுங்கள், அடுத்த நாள் முழுச் சுருதி. ஏற்றும்போது மேல்பலகையில் டொக் என்று சத்தம் கேட்டால் உடனே தளர்த்திவிட்டு உள்ளே வீடியோ எடுத்துப் பாருங்கள். இரண்டு ஃப்ரெட் இறக்கத்தில்தான் நன்றாக நிற்கிறது என்றால் அங்கேயே விட்டுவிடலாம். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் பிடிப்பான்) மாட்டினால் பாட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது.

நைலான் ஒரு வாரம்வரை இறங்கிக்கொண்டே இருக்கும், இரும்பு ஓரிரு நாளில் நிலைக்கும். கிட்டாரைத் திரும்பவும் பரணில் வைக்காதீர்கள். கான்கிரீட் கூரைக்கு அடியில் கத்திரி வெயில் சூடு ஒட்டுகளை இளக்கிவிடும். ஏசி அறையிலேயே நாள் முழுக்கக் கிடந்தாலும் மரம் காய்ந்து வெடிக்கும். வெளிச்சுவரில் சாய்க்காமல் உறைக்குள் போட்டுப் படுக்கவையுங்கள்.

கழற்றிய நட், சேடில், ஆணி, பழைய கம்பி, உதிர்ந்த லேபிள் துண்டு எதையும் எறியவேண்டாம். ஓர் உறையில் போட்டு, என்ன செட் போட்டீர்கள், எந்தத் தேதியில் போட்டீர்கள், எந்தச் சுருதியில் வைத்திருக்கிறீர்கள், இந்தக் கிட்டார் யாருடையது என்று எழுதி, கிட்டார் பையிலேயே வைத்துவிடுங்கள்.